பிரெக்ஸிட்டும் இரண்டாவது பொது வாக்கெடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது என்று பிரிட்டன் மக்கள் 2016 ஜூன் 23 அன்று வாக்களித்தார்கள். நாடு உண்மையில் வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்று. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் அந்நாட்டு அரசியலை அலைக்கழித்த கேள்வி, மக்களிடம் மீண்டும் ஒருமுறை கேட்கலாமா என்பது. அது குறித்துத் தமிழ் வாசகர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தர முயல்கிறேன். எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை: விலகல் ஒப்பந்தம் கையில் கிடைத்த பிறகு அதை மக்களின் ஒப்புதலுக்கு வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்த ஏற்பாட்டை முதல் வாக்கெடுப்புக்கு முன்பே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

2016 வாக்கெடுப்பின் முடிவு எவ்வளவு நெருக்கமானது?

வெளியேற வேண்டும் என்று 1,74,10,742 பேரும், நீடிக்க வேண்டும் என்று 1,61,41,241 பேரும் வாக்களித்தார்கள். விழுக்காட்டில் 51.9க்கு 48.1. வாக்குப்பதிவு 72.2 விழுக்காடு. மொத்தக் கணக்கை விடப் பகுதிவாரிக் கணக்குதான் பிற்காலப் பூசலுக்கு அதிகம் வித்திட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேற வாக்களித்தன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் நீடிக்க வாக்களித்தார்கள். லண்டனில் லாம்பெத் பகுதி 78.6 விழுக்காட்டுடன் நீடிக்கச் சொன்னது. லிங்கன்ஷயர் மாவட்டத்தின் பாஸ்டன் நகரம் 75.6 விழுக்காட்டுடன் வெளியேறச் சொன்னது. இளைஞர்களில் பெரும்பாலோர் நீடிக்கவும், 65 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேறவும் விரும்பினார்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் காட்டின. பல குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நீடிக்க வேண்டும் என்று பரப்புரை செய்துவந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் கொலை செய்யப்பட்டார் என்பதையும் அந்தக் காலத்தின் கசப்பை அளப்பவர்கள் மறக்கக் கூடாது.

அந்த முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தியதா?

இல்லை. 2015ஆம் ஆண்டின் வாக்கெடுப்புச் சட்டம் வாக்கெடுப்பை நடத்தச் சொன்னதே தவிர, முடிவைச் செயல்படுத்த வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இது தற்செயலான விடுபடல் அன்று. தேர்தல் முறையை மாற்றுவது குறித்து 2011இல் நடந்த வாக்கெடுப்புக்கான சட்டத்தில், மக்கள் ஆம் என்றால் அமைச்சர் அதை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை அமைப்பது பற்றிய வாக்கெடுப்பில், மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் அது 33 விழுக்காடாகவே அமைந்ததால் அவை அமையவில்லை. 2016இல் இந்த இரண்டு வகை ஏற்பாடும் இல்லை.

ஆனால் சட்டம் வேறு, கொடுத்த வாக்கு வேறு. 2016 ஏப்ரலில் வீடுதோறும் அரசு அனுப்பிய துண்டறிக்கை, நீங்கள் முடிவு செய்வதை அரசு செயல்படுத்தும் என்று உறுதி கூறியிருந்தது. எனவே முடிவு வெறும் ஆலோசனைதான் என்று நீடிக்க விரும்பியவர்கள் பின்னாளில் வாதிட்டபோது, அது சட்டத்துக்குப் பொருந்தினாலும் நேர்மைக்குப் பொருந்தவில்லை. அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை.

வெளியேற வாக்களித்தவர்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள்?

அவர்கள் அனைவரையும் அறியாமையாலோ இனவெறுப்பாலோ வாக்களித்தவர்கள் என்று தள்ளிவிடுவது, இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டவர்களில் சிலர் செய்த பெரும் பிழை. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உடனடியாகக் கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே. மேற்சொன்ன பாஸ்டன் போன்ற வேளாண் நகரங்களின் முகம் சில ஆண்டுகளில் மாறியது. வந்தவர்களின் உழைப்பால் நாட்டுக்குப் பயன் கிடைத்தது என்றாலும், அங்குள்ள பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதற்கேற்ற நிதி போய்ச் சேரவில்லை. 2010க்குப் பின் வந்த செலவுக் குறைப்பு அந்த மனத்தாங்கலைக் கூட்டியது. தங்கள் சட்டங்களைத் தங்கள் நாடாளுமன்றமே இயற்ற வேண்டும் என்ற இறையாண்மைக் கோரிக்கையும் பல பத்தாண்டுகளாக இடதுசாரிகளிடமும் வலதுசாரிகளிடமும் இருந்துவந்த ஒன்றுதான்.

இரண்டாவது வாக்கெடுப்பு என்ற கோரிக்கையை முதலில் எழுப்பியது யார்?

பலரும் எதிர்பார்க்காத விடை இது. முடிவு வருவதற்கு முன்பே, 2016 மே மாதத்தில், வெளியேற்றத்தின் முதன்மைக் குரலாக இருந்த நைஜல் ஃபராஜ், 52க்கு 48 என்று தங்கள் தரப்பு தோற்றால் விவகாரம் அத்துடன் முடியாது என்று ஒரு நாளிதழிடம் கூறினார். வெளியேற விரும்பிய மற்றொருவர், வாக்குப்பதிவு 75 விழுக்காட்டுக்கும் வெற்றி பெறும் தரப்பின் வாக்கு 60 விழுக்காட்டுக்கும் குறைந்தால் மீண்டும் வாக்கெடுப்பு வேண்டும் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் மனு ஒன்றைப் பதிந்தார். முடிவு வெளியான பின் அதே மனுவில் எதிர்த் தரப்பினர் திரண்டு கையொப்பமிட, எண்ணிக்கை 41 இலட்சத்தைத் தாண்டியது.

அமைப்பு ரீதியான இயக்கம் 2018 ஏப்ரலில் லண்டனில் மக்கள் வாக்கு என்ற பெயரில் தொடங்கியது. அதன் பேரணிகளில் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்தவை லண்டன் கண்ட பெரும் ஊர்வலங்களில் சேரும். வெளியேறும் அறிவிப்பையே திரும்பப் பெறச் சொல்லி 2019 மார்ச்சில் வந்த மனுவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள்.

இரண்டாவது முறை கேட்பதற்கான அடிப்படை வாதம் என்ன?

முதல் முறை கேட்ட கேள்வியில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உருவம் இருந்தது என்பதே அந்த வாதம். நீடிப்பது என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அது அன்றைய நிலைதான். வெளியேறுவது என்பதோ குறைந்தது நான்கு வெவ்வேறு எதிர்காலங்களைக் குறித்தது. நார்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே நின்றபடியே ஒற்றைச் சந்தையில் இருப்பது ஒன்று. அதில் வணிகம் தடைப்படாது, ஆனால் மக்களின் தடையற்ற நடமாட்டத்தை ஏற்க வேண்டும், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் இயற்றும் விதிகளை அவற்றில் வாக்களிக்கும் உரிமையின்றிப் பின்பற்ற வேண்டும். உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்க வரியின்றி, வெளியாருக்கு ஒரே வரி விதிக்கும் ஏற்பாடான சுங்க ஒன்றியத்தில் மட்டும் தொடர்வது இரண்டாவது. அப்போது பிற நாடுகளுடன் சரக்கு வணிக ஒப்பந்தங்களைத் தனியாகச் செய்துகொள்ள முடியாது. கனடாவைப் போல ஒரு தடையற்ற வணிக ஒப்பந்தம் மூன்றாவது. அதில் எல்லையில் சோதனைகள் வரும், வட அயர்லாந்து பிரிட்டனிலும் அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்திலும் இருப்பதால் அயர்லாந்துத் தீவின் நடுவே எல்லை எங்கே அமைவது என்ற சிக்கலும் வரும். எந்த ஒப்பந்தமும் இன்றி வெளியேறுவது நான்காவது. இந்த நால்வகையை ஆதரித்தவர்களும் 2016இல் ஒரே கட்டத்தில்தான் குறியிட்டார்கள். அவர்களைச் சேர்த்து எண்ணியபோது 52 விழுக்காடு வந்தது. எந்த ஒரு வகைக்கும் தனியாகப் பெரும்பான்மை இருந்ததா என்பதை யாரும் மக்களிடம் கேட்கவில்லை.

2002இல், வட்டார அவைகள் குறித்த விவாதத்தில், வெற்றுத்தாளின் மீது வாக்களிக்கச் சொல்லிவிட்டு விவரங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று மக்களிடம் கேட்கக் கூடாது என எச்சரித்தவர் டேவிட் டேவிஸ். அவரே 2016இல் வெளியேற்றத்துக்கான அமைச்சரானார். 2011 அக்டோபரில் காமன்ஸ் அவையில், இரண்டு வாக்கெடுப்புகள் நடத்தலாம், பேச்சுவார்த்தை முடிந்த பின் இரண்டாவதை வைப்பது பொருத்தமாக இருக்கும் என்று பேசியவர் ஜேக்கப் ரீஸ்-மாக். இருவரும் வெளியேற்றத்தின் உறுதியான ஆதரவாளர்கள். அவர்கள் அன்று சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். யார் சொன்னார்கள் என்பதால் ஒரு நல்ல விதியின் மதிப்புக் குறைந்துவிடாது.

மக்கள் ஒருமுறை சொன்ன பிறகு மீண்டும் கேட்பது அவர்களை அவமதிப்பது ஆகாதா?

இதுவே எதிர்த் தரப்பின் வலுவான வாதம். 2016இல் வாக்களித்தவர்களில் பலர், தங்கள் தொகுதியில் எந்தத் தேர்தலும் எதையும் மாற்றாது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர்கள். முதன்முறையாகத் தங்கள் வாக்கு எண்ணப்பட்டது என்று அவர்கள் உணர்ந்த வேளையில், அந்த முடிவு நடைமுறைக்கு வருமுன்பே, அதை விரும்பாதவர்கள் மறுவாக்கெடுப்புக் கேட்டார்கள். நீடிப்பது வென்றிருந்தால் இதே மனிதர்கள் இரண்டாவது வாக்கெடுப்புக் கேட்டிருப்பார்களா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, மாட்டார்கள் என்பதே. மேலும், 1975 ஜூனில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நீடிப்பது பற்றி நடந்த வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அதில் தோற்றவர்களுக்கு அடுத்த வாய்ப்புக் கிடைக்க 41 ஆண்டுகள் ஆயின.

இந்த வாதத்தின் எடையை ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது. அதே கேள்வியை மீண்டும் கேட்பது ஒன்று; முதல் முடிவின் விளைவாக உருவான ஒப்பந்தத்தைக் காட்டி, இதைத்தான் விரும்பினீர்களா என்று கேட்பது வேறொன்று. முன்னதை நான் ஏற்கமாட்டேன். பின்னதில் அவமதிப்பு எதையும் என்னால் காண முடியவில்லை. இயக்கத்தின் மேடைகளில் இந்த இரண்டும் பிரித்துப் பேசப்படவில்லை. வெளியேற்றத்தைத் தடுப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும், ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் வேண்டும் என்று மட்டும் சொன்னவர்களும் ஒரே பதாகையின் கீழ் நடந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டன்காரருக்கும், வெளியேற வாக்களித்த மற்றொரு நகரமான சண்டர்லாந்தைச் சேர்ந்தவருக்கும் முதல் குரல்தான் உரக்கக் கேட்டது.

பிற நாடுகளில் இப்படி இரண்டு முறை கேட்டதுண்டா?

உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் மக்கள் 1992 ஜூனில் 50.7 விழுக்காட்டினரின் எதிர்ப்பால் நிராகரித்தார்கள். பொது நாணயம், பாதுகாப்பு உள்ளிட்ட நான்கு துறைகளில் அந்நாட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டதும், 1993 மே மாதத்தில் 56.7 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய உடன்படிக்கைகளில், அயர்லாந்து மக்கள் நீஸ் உடன்படிக்கையை 2001இல் நிராகரித்து 2002இல் ஏற்றார்கள். லிஸ்பன் உடன்படிக்கையை 2008இல் நிராகரித்து 2009இல் 67 விழுக்காட்டுடன் ஏற்றார்கள். பிரஸ்ஸல்ஸுக்குப் பிடித்த விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்ற குற்றச்சாட்டு பிறந்தது இவற்றிலிருந்துதான். இரண்டாம் முறை மக்கள் முன் வைக்கப்பட்டது அப்படியே பழைய பொருள் அன்று. விலக்குகளும் உறுதிமொழிகளும் சேர்ந்திருந்தன. நீஸ் விவகாரத்தில் வாக்குப்பதிவும் 35 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 50 விழுக்காடாக உயர்ந்தது.

இவற்றைவிட என்னை உறுத்துவது 2005இல் நடந்தது. ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கையைப் பிரான்சும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் நிராகரித்தன. அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கையாக மறுவடிவம் பெற்றபோது, அவ்விரு நாடுகளும் மக்களிடம் போகாமல் நாடாளுமன்ற ஒப்புதலோடு முடித்துக்கொண்டன. மக்களை இரண்டாம் முறை கேட்பதைக் காட்டிலும் கேட்காமலே கடந்து செல்வது அவநம்பிக்கையை ஆழமாக விதைக்கிறது.

நாடாளுமன்றத்தில் அந்தக் கோரிக்கை ஏன் வெற்றி பெறவில்லை?

வெற்றிக்கு மிக அருகில் வந்து தவறியது. பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. அண்மைக் கால பிரிட்டன் வரலாற்றில் எந்த அரசும் இவ்வளவு பெரிய வேறுபாட்டில் தோற்றதில்லை. மார்ச்சில் மேலும் இரண்டு முறை தோற்றது. இதற்கிடையே மார்ச் 27 அன்று உறுப்பினர்கள் எட்டு மாற்று வழிகள் மீது வாக்களித்தார்கள், எட்டும் தோற்றன. அவற்றுள், எந்த ஒப்பந்தத்தையும் மக்களின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்ற மார்கரெட் பெக்கெட்டின் தீர்மானம் 268க்கு 295 என்று தோற்றாலும் மற்ற ஏழையும்விட அதிக ஆதரவு பெற்றது. ஏப்ரல் 1 அன்று மீண்டும் வந்தபோது 280க்கு 292. பன்னிரண்டு வாக்கு வேறுபாடு. அதே நாளில் சுங்க ஒன்றியத் தீர்மானம் மூன்றே வாக்கில் தோற்றது.

இங்கே என் வருத்தம் இரு தரப்பையும் சாரும். மென்மையான வெளியேற்றத்தை ஏற்றிருக்கக் கூடியவர்களில் சிலர், வாக்கெடுப்பு எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சுங்க ஒன்றியத்தை ஆதரிக்கவில்லை. கடுமையான வெளியேற்றத்தை விரும்பியவர்கள் மேயின் ஒப்பந்தத்தை நீடிப்பவர்களோடு சேர்ந்தே வீழ்த்தினார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முதலில் பிடித்ததைப் பற்றிக்கொண்டதால், பலருக்கும் இரண்டாவதாகப் பிடித்திருக்கக் கூடியது கிடைக்கவில்லை.

வாக்குச்சீட்டில் என்ன கேள்வி இருந்திருக்கும்?

இதில் ஒருமித்த கருத்து உருவாகவே இல்லை. ஒப்பந்தமா, நீடிப்பதா என்று கேட்டால், ஒப்பந்தமின்றி வெளியேற விரும்பியவர்கள் தங்களுக்கு இடமில்லை என்பார்கள். ஒப்பந்தமா, ஒப்பந்தமின்மையா என்றால் நீடிக்க விரும்பியவர்களுக்கு இடமில்லை. மூன்றையும் வைத்து விருப்ப வரிசைப்படி வாக்களிக்கச் செய்யலாம் என்று முன்னாள் அமைச்சர் ஜஸ்டின் கிரீனிங் 2018இல் முன்மொழிந்தார். சட்டம் இயற்றவும், கேள்வியைத் தேர்தல் ஆணையம் சோதிக்கவும், பரப்புரைக்கும் சேர்த்துக் குறைந்தது 22 வாரங்கள் வேண்டும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அரசியலமைப்பு ஆய்வுப் பிரிவு கணக்கிட்டது.

பரப்புரையில் நடந்த தவறுகளுக்காக முடிவை ரத்து செய்திருக்க முடியாதா?

முடியவில்லை. வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்று வெளியேற்றத் தரப்பு செய்த பேருந்து விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருவது என்று பிரிட்டனின் புள்ளியியல் ஆணையம் அப்போதே கண்டித்தது. செலவு வரம்பை மீறியதற்காக வெளியேற்றத் தரப்பின் அதிகாரபூர்வ அமைப்புக்கு 2018 ஜூலையில் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஆனால் சட்டப்படி முடிவு ஆலோசனை மட்டுமே என்பதால், ஒரு தொகுதித் தேர்தலை ரத்து செய்வதைப் போல இதை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு வழி இருக்கவில்லை.

பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு வாக்குரிமை இருந்ததா?

பிரிட்டன் குடியுரிமை பெற்றவர்களுக்கு இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் வசித்தால் வாக்களிக்கலாம் என்ற விதி. எனவே இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருந்தவர்களும் வாக்களித்தார்கள். போர்க்காலத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளில் தஞ்சம் பெற்று, அங்கே குடியுரிமை வாங்கி, பின்னர் உறவினர்களுக்கு அருகில் வாழவும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் பிரிட்டனுக்கு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஐரோப்பியக் குடிமக்கள் என்ற காரணத்தால் அவர்களுக்கு வாக்கில்லை. வாக்கெடுப்பின் விளைவு நேரடியாகத் தங்கள் வசிப்புரிமையைத் தொட்டபோதும் அவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். பின்னர் 2021 ஜூன் 30க்குள், ஐரோப்பியக் குடிமக்கள் தொடர்ந்து வசிக்க உரிமை தரும் குடியமர்வுத் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் வாக்காளர் பட்டியலை மாற்றுவதா என்ற சண்டை தனியாக எழுந்திருக்கும்.

2019 டிசம்பர் தேர்தல் இந்தக் கேள்விக்கு விடை அளித்துவிட்டதா?

நடைமுறையில் ஆம். வெளியேற்றத்தை முடித்துவைப்பேன் என்ற போரிஸ் ஜான்சன் 365 இடங்களுடன் வென்றார். புதிய ஒப்பந்தம் பேசி ஆறு மாதத்துக்குள் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற தொழிற்கட்சி, டோனி பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்ட் உட்படப் பல கோட்டைகளை இழந்தது. வாக்கு விழுக்காட்டைக் கூட்டினால், மறுவாக்கெடுப்பை ஏற்ற கட்சிகளுக்குச் சேர்ந்து பாதிக்குச் சற்றுக் கூடுதலான வாக்குகள் கிடைத்தன. ஜான்சனின் கன்சர்வேட்டிவ் கட்சி பெற்றது 43.6 விழுக்காடு. ஆனால் பொதுத்தேர்தலில் மக்கள் பல காரணங்களுக்காக வாக்களிக்கிறார்கள், இடங்களின் எண்ணிக்கையே ஆட்சியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தேர்தலின் விதிகளை ஏற்றே எல்லாக் கட்சிகளும் களம் கண்டன. ஆகவே முடிவையும் ஏற்பதே முறை.

ஸ்காட்லாந்தின் இரண்டாவது வாக்கெடுப்புக் கோரிக்கை இதிலிருந்து வேறுபட்டதா?

ஒரே வேரில் கிளைத்தது. 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து மக்கள் 55 விழுக்காட்டுடன் பிரிட்டனில் நீடிக்க முடிவு செய்தார்கள். நீடித்தால்தான் ஐரோப்பிய உறுப்புரிமை நிலைக்கும் என்பது அப்போது அவர்களிடம் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இரண்டே ஆண்டுகளில் அந்தக் காரணம் அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் போனது. சூழல் மாறியதால் மீண்டும் கேட்க வேண்டும் என்கிறது ஸ்காட்லாந்து தேசியக் கட்சி; ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்று நீங்களே சொன்னீர்கள் என்கிறது லண்டன். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக வாக்கெடுப்பு நடத்த அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 23 அன்று தீர்ப்பளித்தது. அரசியல் வாசல் மூடியிருப்பதால் கேள்வி மறைந்துவிடவில்லை.

மீண்டும் ஒன்றியத்தில் சேர வாக்கெடுப்பு வருமா?

விரைவில் வருவதற்கான அறிகுறி இல்லை. வெளியேறியது தவறு என்போர் பெரும்பான்மையாக இருப்பதைக் கருத்துக் கணிப்புகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. ஆனாலும் 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மர், ஒன்றியத்திலும் ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் மீண்டும் சேரப்போவதில்லை என்ற வாக்குறுதியோடுதான் வந்தார். சேர விரும்பினாலும் அது பழைய இருக்கைக்குத் திரும்புவது ஆகாது. உறுப்பு நாடுகள் இருபத்தேழும் ஒருமனதாக ஏற்க வேண்டும். முன்பு பிரிட்டனுக்கு இருந்த பங்களிப்புத் தள்ளுபடியும், பொது நாணயத்திலிருந்து விலக்கும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால், வெளியேறும் முன் ஒப்பந்தத்தின் மீது கேட்டிருக்கக் கூடிய கேள்வியை இனி எவராலும் கேட்க முடியாது. இனிக் கேட்கப்படுவது முற்றிலும் புதிய கேள்வியாகவே இருக்கும்.

அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தால் எப்படி நடத்துவது நல்லது?

இரண்டு முன்மாதிரிகள் கண்முன் இருக்கின்றன. நியூசிலாந்து தன் தேர்தல் முறையை மாற்ற முனைந்தபோது, மாற்றம் வேண்டுமா, வேண்டுமானால் எந்த வகை என்று 1992இல் கேட்டது. மக்கள் தேர்ந்த வகைக்கான சட்டத்தை இயற்றிவிட்டு, பழையதா புதியதா என்று 1993இல் மீண்டும் கேட்டது. முதல் முறை 84.7 விழுக்காட்டினர் மாற்றம் கேட்டார்கள். முழு விவரம் தெரிந்த இரண்டாம் முறை ஆதரவு 53.9 விழுக்காடாகக் குறைந்தாலும் மாற்றம் வென்றது. தோற்றவர்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல இடமில்லை, ஏனெனில் இரண்டு படி உண்டு என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. மற்றொன்று பிரிட்டனின் சட்டத்திலேயே இருக்கிறது. வட அயர்லாந்து, அயர்லாந்துக் குடியரசோடு இணைவது பற்றிய வாக்கெடுப்பு ஒன்று நடந்தால், அடுத்தது ஏழு ஆண்டுகளுக்குள் நடக்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் வட அயர்லாந்துச் சட்டம் வரையறுக்கிறது.

இந்த இரு விதிகளையும் ஒரே சட்டத்தில் சேர்க்கலாம்: கொள்கைக்கு ஒரு வாக்கெடுப்பு, பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு ஒரு வாக்கெடுப்பு, அதன்பின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்தக் கேள்வி எழாது. யார் வெல்வார்கள் என்று தெரியாத நிலையில், இரு தரப்பும் கையொப்பமிட்டு அதை நிறைவேற்ற வேண்டும். 2015இல் வாக்கெடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த டேவிட் கேமரன் அரசு, தான் தோற்கக்கூடும் என்று எண்ணாததால் இதைச் செய்யவில்லை, நாடாளுமன்றமும் வற்புறுத்தவில்லை.